முந்நூற்றுப் பன்னிரண்டாவது அட்டை

காலை எட்டே முக்காலுக்கு அவள் கடைக்குக் கிளம்பும்போது, கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மாமியார் அவளைப் பார்த்து நான்கு வார்த்தைகள் சொல்வார். தினமும் அதே நான்கு வார்த்தைகள்.

"சரி அத்தை" என்பாள் அவள்.

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டி, கதவை இழுத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடப்பாள். நான்கு மாதமாக இப்படித்தான். அத்தை என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. எதற்குச் சரி என்றோம் என்றும் தெரியாது.

அத்தைக்குத் தமிழ் வராமல் இருந்ததில்லை. தெருமுனையில் இருக்கும் ஹார்டுவேர் கடையில் நாற்பது வருஷம் உட்கார்ந்து, ஆணி முதல் தண்ணித் தொட்டி வரை தமிழில் விற்றவர். கொத்தனாரிடம் கொத்தனார் தமிழ், பிளம்பரிடம் பிளம்பர் தமிழ். "அரை இன்ச்சா முக்கா இன்ச்சா, வீட்டுக்காரியக் கேட்டுட்டு வா, நீ கேக்காம வாங்கிட்டுப் போனா நாளைக்குத் திரும்பி வருவே" என்று வெடுக்கென்று சொல்வார். சொன்னது நடக்கும். மறுநாள் அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் பல் தேய்க்கும்போது வலது பக்கம் தொய்ந்து விழுந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. வலது கையும் காலும் பாதி போயின, வாய் கொஞ்சம் கோணியது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வந்த பேச்சில் தமிழ் இல்லை.

"கடைசியா கத்துக்கிட்டது முதல்ல போயிருக்கு" என்றார் டாக்டர். "பொறந்து வளர்ந்த பாஷை ஆழத்துல இருக்கும், அது நிக்குது. தமிழ் திரும்பி வரலாம். வராமலும் போகலாம்."

பிறந்து வளர்ந்த பாஷைக்கு லிசானுத் தாவத் என்று பெயர்; குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளின் பாஷை. அடியில் குஜராத்தி, மேலே அரபி, எழுத்து வலமிருந்து இடம். அந்த வீட்டில் அது அம்மாவும் பிள்ளைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷை. மருமகளாக வந்த புதிதில், "எனக்கும் கத்துக் குடுங்களேன்" என்று கணவனிடம் கேட்டிருக்கிறாள். அவன் சிரித்தான்.

"எதுக்கு? எங்கம்மா என்னத் திட்டுறது வீட்ல ஒருத்தருக்காவது புரியாம இருக்கட்டும். கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்."

அவள் சரி என்று விட்டுவிட்டாள். அந்தக் கடைக்கே வேலைக்கு வந்தவள் அவள். கலர் கலக்கும் மெஷின் வாங்கியபோது அதை இயக்கத் தெரிந்த பெண் என்று சேர்த்தார்கள். பெயிண்டர்களுக்கு அவள் 'கலரக்கா'. முதலாளி வீட்டுப் பையன் தேவையே இல்லாமல் தினம் பெயிண்ட் நிறங்களைக் காட்டும் ஷேடு கார்டு ஒன்று கேட்டு வந்து நின்று, இரண்டாவது வருஷம் கல்யாணத்தில் முடிந்தது. "கலர் கலந்தே எம்புள்ளையக் கவுத்துட்டே" என்று அத்தை விழுகிற வரை தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். கோபத்தில் ஆரம்பித்த வாக்கியம் அது. வருஷங்கள் போகப்போகக் கேலியாகி, அப்புறம் வருகிறவர்களிடம் மருமகளை அறிமுகப்படுத்தும் வாக்கியமாகவே ஆகிவிட்டது.

அவன் இறந்து இரண்டு வருஷமாகிறது. கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தவன் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முப்பத்தெட்டு வயசு. அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு பெண்கள் தமிழில் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது தமிழும் போய்விட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் வீடியோவில் வந்தாள். விமானத்தில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தாள். முதலில் அம்மாவும் மகளும் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டார்கள். கட்டிலின் ஓரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவள் வேலை. கை வலிக்கும்போது மாற்றிப் பிடிப்பாள். பேச்சு நடுவே இரண்டு பேரும் தன் பக்கம் பார்த்தால் ஒரு சிரிப்புச் சிரித்து வைப்பாள்.

பேசி முடித்து, "அண்ணி, கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள் நாத்தனார்.

சமையலறைக்குப் போனாள்.

"நேராவே சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

"ஏன், இங்க என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணும் இல்ல. நீங்க பாக்கிற மாதிரி நான்கூடப் பாக்க மாட்டேன், அது எனக்கே தெரியும். ஆனா அவங்க வாயத் திறந்து பேச ஒரு ஆள் வேணாமா? காலையில போறீங்க. பதினோரு மணிக்கு மேல்வீட்டம்மா மாத்துச் சாவி போட்டு வந்து டீ குடுத்து பாத்ரூம் கூட்டிட்டுப் போறாங்க. ஒரு மணிக்கு நீங்க வந்து சோறு போடறீங்க. மறுபடி போறீங்க. யார்கிட்டயாவது ஒரு வார்த்த? நாலு மாசமா அவங்க பேசினது ஞாயித்துக்கிழமை என்கிட்ட மட்டும்தான்."

"நான் பேசுறேனே."

"நீங்க தமிழ்ல பேசுறீங்க. அவங்களுக்கு அது வெறும் சத்தம் அண்ணி."

அவள் அடுப்பைப் பார்த்தாள். பருப்பு பொங்கி விளிம்புக்கு வந்திருந்தது. தீயைக் குறைத்தாள்.

"அத்தை கேட்டாங்களா, வரேன்னு?"

"அவங்க எங்க கேப்பாங்க? நானாத்தான் சொல்றேன். அடுத்த மாசம் இருபதாம் தேதி லீவு போட்டு வரேன். ரெண்டு பெட்டி எடுத்துட்டு வரேன்."

"அதுக்குள்ள நான் கத்துக்கிறேன்."

"எத?"

"உங்க பாஷைய."

நாத்தனார் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "கத்துக்கோங்க" என்றாள், குழந்தையிடம் சொல்வதுபோல.

*

மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் பெயிண்ட் போகாது. தார்ப்பாயும் கயிறும் ஒழுகல் அடைக்கிற சிமெண்டும்தான் போகும். கலர் மெஷின் சும்மா கிடந்தது.

எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு வாரம் தெரியவில்லை. புத்தகக் கடையில் கேட்டாள். அப்படி ஒரு பாஷை இருக்கிறதா என்று அவளையே திரும்பக் கேட்டார்கள். அத்தையிடமே பொருள்களைக் காட்டிக் காட்டிக் கேட்டுப் பார்த்தாள். டம்ளர், சீப்பு, போர்வை. அத்தை இரண்டு பெயர் சொல்லிவிட்டு மூன்றாவதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பது வருஷம் கடை நடத்தியவரிடம் டம்ளரை நீட்டி இது என்ன என்று கேட்டால் வேறென்ன செய்வார்?

அந்த வாரம் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது அத்தையின் போன் கிடைத்தது. கண்ணாடி கீறிய பழைய போன். சார்ஜ் போட்டாள். மகனுடைய பெயரைத் தொட்டதும், வரிசையாகக் குரல் செய்திகள். அத்தைக்குப் போனில் எழுதத் தெரியாது என்பதால் அவன் எதையும் பேசித்தான் அனுப்புவான். ஒன்றுகூட அழிக்கப்படவில்லை. விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். முந்நூற்றுப் பதினொன்று.

முதலாவதைத் தொட்டாள்.

"மா, ஹூ ஆவூ ச்சூ."

நான்கு விநாடி. 'மா' மட்டும் புரிந்தது. பின்னால் ஒரு லாரியின் ஹார்ன். அவ்வளவுதான். அவள் அன்று இரண்டாவதைத் தொடவில்லை.

மறுநாள் போனைக் கடைக்கு எடுத்துப் போனாள். மெஷின் மேசையின் இழுப்பறையில் தேதி போன ஷேடு கார்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒவ்வொரு கலரையும் தனித்தனிச் சதுரமாக வெட்டினாள். வெள்ளைப் பக்கத்தில் செய்தியின் எண்ணைப் போட்டு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதினாள்.

கடையில் பாரம் இறக்குவதும் பைப் வெட்டுவதும் ஸ்பேனர் அண்ணன். அத்தை காலத்து ஆள். எதைக் கேட்டாலும் 'ஸ்பேனர் இருக்கா' என்று ஆரம்பிப்பதால் வந்த பெயர்.

"என்னக்கா, சீட்டுக்கட்டு செய்யறீங்களா? நானும் ஒரு கை போடறேன்."

"பாடம் படிக்கிறேன் அண்ணே."

"எதுல? மஞ்சள்லயா பச்சையிலயா?"

"கிண்டல் பண்ணாதீங்க. நீங்க முப்பது வருஷமா இந்தக் கடையில இருக்கீங்களே, அத்தையும் அவரும் பேசிக்கிறதக் கேட்டு ஒரு வார்த்தையாவது பிடிச்சிருக்கீங்களா?"

ஸ்பேனர் அண்ணன் வெட்டிய பைப்பின் பிசிறை ஊதினார். "ஒண்ணு தெரியும். ஜோயிஷூ."

"அப்படின்னா?"

"பாக்கலாம். அம்மா எத சொன்னாலும் தம்பி சொல்றது அதுதான். டாக்டரப் போய்ப் பாருடாம்பாங்க, ஜோயிஷூ. சீக்கிரம் வீட்டுக்கு வாடாம்பாங்க, ஜோயிஷூ. அம்மா என்கிட்ட தமிழ்ல திரும்பிச் சொல்வாங்க: 'இவன் பாக்கலாம்னு சொன்னா, பாக்க மாட்டான்னு அர்த்தம்.'" அவர் அடுத்த பைப்பை எடுத்து அளவு வைத்தார். "டாக்டரப் பாக்கவே இல்ல தம்பி" என்றார், ரம்பத்தை வைப்பதற்கு முன்னால்.

*

பொருள் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளி அத்தையின் சமூகத்துப் பெண் ஒருத்தி தையல் கடை வைத்திருந்தாள். இவள் வயசுதான். இரண்டு பிள்ளைகள், ஒரு மெஷின், மலைபோலத் துணி.

"இலக்கணமா?" என்றாள் தையல்காரி, வாயில் குண்டூசியோடு. "எனக்கு யாரு இலக்கணம் சொல்லிக் குடுத்தா, நான் உனக்குச் சொல்லித் தர? பேசுறேன், அவ்வளவுதான். வேணும், வேணாம், வா, போ. இந்த நாலும் தெரிஞ்சா குடும்பம் நடத்தலாம். மத்ததெல்லாம் லேஸ் வேலை."

"எனக்கு லேஸும் வேணும்."

"அப்ப உக்காரு. பட்டன் தைக்கத் தெரியுமா?"

தெரியும். பட்டன் தைத்துக்கொண்டே கற்றாள். கடை அடைக்கும் மதிய இடைவேளையில், அத்தைக்குச் சோறு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, முக்கால் மணி நேரம். போனில் ஒரு செய்தியை ஓட்டுவாள். தையல்காரி பெடலை நிறுத்திக் கேட்பாள்.

"'ஜமி லேஜோ.' சாப்பிட்டுடுங்கன்னு அர்த்தம். அடுத்தது?"

"'ராஹ் நா ஜோஜோ.'"

"எனக்காகக் காத்திருக்காதீங்க."

"அப்ப 'நா'ன்னா வேண்டாம்னு வருதா? 'ஜோ'ன்னு முடிஞ்சா மரியாதையா கேக்குறதா?"

தையல்காரி யோசித்தாள். "அட, ஆமா. நான் இத நினைச்சே பாத்ததில்ல."

அவளுக்குப் பிடிபட்டது. கலர் விடுவதற்கு முந்தைய வெள்ளைப் பெயிண்ட், பேஸ், ஒன்றுதான். அதில் நாலு சொட்டு கறுப்பு விட்டால் ஒரு கலர், கறுப்புக்குப் பதில் சிவப்பு விட்டால் வேறு. வினை பேஸ். கடைசியில் விழும் சொட்டுதான் யார், எப்போது, எவ்வளவு மரியாதை என்று சொல்லுகிறது. அன்று மழையில் நனைந்துகொண்டு திரும்பி வரும்போது வாய்க்குள் சொட்டுகளை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தாள். தெருவில் எதிரே வந்த பெயிண்டர் ஒருவர், "கலரக்கா, யாரத் திட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரம் அவள் பேச ஆரம்பித்தபோது தையல்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீ ஆம்பள மாதிரி பேசுற. 'நான் வந்தேன்'னு சொல்ல எங்களுக்கு ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு."

"நான் ஆம்பளைகிட்டதானே கத்துக்கிறேன்."

சிரிப்பு நின்றது. தையல்காரி மெஷினின் சக்கரத்தைக் கையால் சும்மா சுற்றினாள். "அது மட்டும் இல்ல. நான் சொன்னா வருத்தப்படாதே. நீ கொண்டு வர்றதெல்லாம் ஒரு மகன் அம்மாகிட்ட பேசுறது. சாப்பிடுங்க, தூங்குங்க, மாத்திரை போடுங்க, இதோ வரேன், அப்புறம் வரேன். அதுல உன்னப் பத்திச் சொல்ல ஒரு வரி இருக்கா? தலை வலிக்குதுன்னு சொல்ல? கோவம் வருதுன்னு சொல்ல?"

இல்லை. அவன் தலை வலிக்கிறது என்று அம்மாவிடம் ஒரு நாளும் சொல்லியிருக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்றும் சொல்லியிருக்கவில்லை.

*

எண்பத்தேழாவது செய்தி கடையில் வைத்துக் கேட்டது. ஓட்டினாள். சட்டென்று நிமிர்ந்தாள். மறுபடி ஓட்டினாள்.

அந்த நான்கு வார்த்தைகள். அத்தை தினமும் காலையில் சொல்லும் அதே நான்கு. கடைசி ஒலி மட்டும் கொஞ்சம் வேறு. கோணிய வாயில் குழைந்து வருவது அவன் வாயில் பளிச்சென்று விழுந்தது.

மதியம் வரை பொறுக்கவில்லை. "அண்ணே, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

தையல்காரி கேட்டாள். "ரெண்டு கையிலும் பை இருக்காம். கதவத் திறந்தே வைங்கன்னு சொல்றாரு."

"கதவத் திறந்து..."

"ஆமா. வைங்க. கதவத் திறந்தே வைங்க. ஏன், முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

நூற்று இருபது நாள். 'கதவைத் திறந்து வை' என்று அந்த மனுஷி கேட்க, 'சரி அத்தை' என்று சிரித்த முகத்தோடு சொல்லி, இழுத்துப் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. பூட்டும் சத்தம் உள்ளே கேட்டிருக்கும். அப்படியும் மறுநாள் காலையில் மறுபடி கேட்டிருக்கிறார்.

வீட்டுக்குப் போனாள். அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் அத்தையின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து பார்த்தாள். வாசல் படி தெரிந்தது. எதிர் வீட்டுச் சுவரும் அதில் சாய்த்த சைக்கிளும் தெரிந்தன. மழைத் தண்ணீர் ஓடும் தெரு, கடைசியில் கடையின் போர்டில் பாதி. தெருமுனை வரை ஒரு ஆள் நடந்து போவதை இங்கிருந்து பார்க்கலாம்.

மறுநாள் காலையில் அத்தை வாய் திறப்பதற்கு முன்னால் அவள் கதவைத் திறந்து, அதற்கு வெளியே இருக்கும் இரும்பு கேட்டை மட்டும் பூட்டினாள். கேட்டின் கம்பி வழியாக உள்ளே பார்த்து, அவனிடமிருந்து எடுத்ததைச் சொன்னாள்:

"ஜமி லேஜோ. ராஹ் நா ஜோஜோ."

அத்தை இடது கையால் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குரல் எங்கிருந்து வந்தது என்று தேடுவதுபோல வாசலையே பார்த்தார். அன்று அவர் நான்கு வார்த்தைகளைச் சொல்லவில்லை.

கடை வரை அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் இரண்டு கண்கள் இருக்கின்றன என்று தெரிந்து நடப்பதற்கு நடை வேறாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக அவள் போவதை யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அத்தை அவளிடம் கொஞ்சம் கொஞ்சம் பேசினார். பத்தில் மூன்று பிடிபட்டது. பிடிபடாததற்குப் பழையபடி சரி என்று தலையாட்டினாள். நாத்தனாரிடம் எதுவும் சொல்லவில்லை. பரீட்சை முடிவு வருமுன் யார் சொல்லுவார்கள்?

பதினெட்டாம் தேதி, ஆளில்லாத கடையில், முந்நூற்றுப் பதினொன்றாவதைத் தொட்டாள். "மா, ஷட்டர் இறக்கிட்டு வந்துடறேன்" என்று அவர்கள் பாஷையில். தையல்காரி இல்லாமலே புரிந்தது. விரலால் தள்ளிப் பார்த்தாள். கீழே எதுவும் இல்லை. இத்தனை நாள் தினமும் புதிதாக ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தவன் இனி புதிதாக எதுவும் சொல்ல மாட்டான். குலுக்கும் மெஷினில் ஒரு டப்பாவை வைத்து, கலக்க ஒன்றும் இல்லாதபோதும், ஓடவிட்டாள். அந்த இரைச்சலில் அழுதால் ஸ்பேனர் அண்ணனுக்குக் கேட்காது.

*

இருபதாம் தேதி நாத்தனார் இரண்டு பெட்டியோடு வந்தாள். ஒன்று நிறைய, ஒன்று காலி.

"கதவு திறந்து கிடக்கே அண்ணி, பயமில்லையா?"

"கேட்டு பூட்டியிருக்கு."

உள்ளே அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். இவள் சமையலறையில் பீன்ஸ் நறுக்கினாள். நடுவில் ஒரு சுவர், அதில் கதவில்லாத நிலை. வழக்கமாக இந்தப் பேச்சு மழைச் சத்தம்போல அவளைக் கடந்து போகும். இன்று அங்கங்கே சொட்டியது.

அத்தை பேசினார். மெதுவாகத்தான் பேச முடியும் அவரால். அதுதான் வசதியாக இருந்தது. கூட்டிட்டுப் போ... நான் இருந்தா... இந்தப் பொண்ணு... முப்பத்தஞ்சு வயசு... என் கட்டிலோட... கட்டி... நாளைக்கு நானும் போயிட்டா அவளுக்கு... பிறகு, முழுசாக, ஒரு வார்த்தை விடாமல்: அவகிட்ட சொல்லாதே. எனக்கு உன்கூட வர ஆசைன்னு சொல்லு.

கத்தி நின்றது.

சரியாகத்தான் கேட்டோமா? மூன்று வாரப் பாஷை. கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுக்கொண்டோமோ? யாரிடம் போய்க் கேட்பது? இதைத் தையல்காரியிடம் எடுத்துப் போக முடியாது, இது போனில் இல்லை.

நாத்தனார் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. பீன்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மாவுக்கு என்கூட வரணும்னுதான் ஆசையாம் அண்ணி."

அப்போது அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது. சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

"சரி" என்று வாயில் வந்துவிட்டது. நாக்கு பழகிய சொல். விழுங்கினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அவனுடைய முந்நூற்றுப் பதினொன்றிலும் இந்த ஒரு வாக்கியம் இல்லை. அம்மா எங்கேயும் போகாதவர். போகாதே என்று அவன் எதற்குச் சொல்வான்? காத்திருக்காதீங்க என்பதிலிருந்து 'நா'வை எடுத்தாள். தூங்கப் போங்க என்பதிலிருந்து போவதை எடுத்தாள். இரண்டையும் சேர்த்தாள்.

"நா ஜாஜோ" என்றாள். போகாதீங்க.

அத்தையின் தலை திரும்பியது. மருமகளைப் பார்த்தார். அப்புறம் நிலைப்படியில் வந்து நின்ற மகளைப் பார்த்தார், நீ சொன்னாயா என்பதுபோல. மகள் இல்லை என்று தலையாட்டினாள்.

அத்தை பேச ஆரம்பித்தார். நீளமாக. கோணிய வாயின் ஓரத்தில் எச்சில் வழிய, நிறுத்தாமல். மருமகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை நாள் அவள் தலையாட்டிய இடம் இது.

"ஃபரி போலோ" என்றாள். திரும்பச் சொல்லுங்க. அம்மாவின் குரல் தெளிவாகப் பதியாதபோது அவன் சொல்வது.

அத்தை திரும்பச் சொன்னார். பாதி புரிந்தது.

"அண்ணி, அம்மா என்ன சொல்றாங்கன்னா..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"நீ சொல்லாதேம்மா. அவங்களே சொல்லட்டும். ஃபரி போலோ."

மூன்றாவது தடவை அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கடைக்கு முதன்முதலாக வரும் ஆளுக்கு அரை இன்ச்சுக்கும் முக்கால் இன்ச்சுக்கும் வித்தியாசம் சொல்வதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து முன்னால் வைத்தார்.

நான் இங்கயே இருக்கேன். ஆனா எனக்காக நீ உன்னப் பூட்டி வச்சிக்கிட்டு உக்காரக் கூடாது. நாளைக்கு யாராவது ஒருத்தன் நல்லவனா வந்து உன்னக் கேட்டா, யோசிப்பேன்னு சொல்லு. இப்பவே சொல்லு.

முழுசும் புரிந்தது. மழை விட்டிருந்தது. இடது கை போர்வையின் மேல் விரிந்து, பதிலுக்குக் காத்திருந்தது. சரி என்று சொன்னால் பொய். மாட்டேன் என்று சொன்னால் காலிப் பெட்டி நிறைந்துவிடும். இரண்டும் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. ஸ்பேனர் அண்ணன் கொடுத்தது.

"ஜோயிஷூ" என்றாள். பாக்கலாம்.

போர்வையின் மேல் விரிந்திருந்த கை மடங்கியது. பிறகு அத்தை சிரித்தார். இடது பக்க முகம் மட்டும் சிரித்தது. தோள் குலுங்கியது. ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணாடிக்குக் கீழே வழிய ஆரம்பித்தது. நாத்தனார் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் மாதிரியே சொல்றீங்க அண்ணி" என்றாள். "அதே இழுப்பு."

அத்தை கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். மருமகள் முந்தானையால் துடைத்துத் திரும்பப் போட்டுவிட்டாள். அவ்வளவு அருகில் இருக்கும்போது அத்தை மெதுவாக ஒரு வரி சொன்னார். புரியவில்லை. இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை புரிந்தது.

அது அவனோட பொய். நீ உன்னோடத கத்துக்க.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை வைத்து எடுத்துக்கொண்டு போனாள். திங்கள்கிழமை கடையில் ஆள் வரவில்லை. அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு ஷேடு கார்டை எடுத்தாள். எந்தச் சதுரத்தை வெட்டுவது என்று பார்த்து, கடைசியில் இருந்ததை வெட்டினாள். கலர் எதுவும் விழாத வெறும் பேஸ். பின்பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்டு, அத்தையின் வரியைத் தமிழ் எழுத்தில் எழுதினாள். ஒரு இடத்தில் ஒலி சரியாக வந்ததா என்று சந்தேகமாக இருந்தது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம்.